பாவு சுமந்த ஞாயிற்றுக்கிழமை

காஞ்சிபுரத்தில் நெசவுத் தெருவில் பிறந்த பிள்ளைக்கு முதலில் தெரிகிற வார்த்தை அம்மா. இரண்டாவது, பாவு. தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகளுக்கு அந்தப் பேர். விடிகாலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள். தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு வந்தால் தெருவையே காணோம். ஒரு நாள் மஞ்சள் ஆறு, ஒரு நாள் பச்சை ஆறு, இடுப்பு உயரத்தில் அசையாமல் ஓடிக்கொண்டிருக்கும். பாதிக் கனவிலேயே குனிந்து அதன் அடியில் புகுந்துகொள்வேன். மேலே இழைகளின் வழியாக வானம் தெரியும். "பாவு கிட்ட போவாதடி, கைய ஒடிச்சிருவேன்" என்று நாலு வீட்டிலிருந்து நாலு குரல் வரும். யாரும் ஒடித்ததில்லை.

இதைச் சொல்லிவிட்டுத்தான் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். அப்படியும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன.

நாங்கள் வேதக்காரர்கள். நான் பிறப்பதற்கு முந்தின வருஷம் அப்பா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். அன்றோடு பக்கத்து வீட்டிலிருந்த பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன், பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் எங்கள் தறி, அந்தப் பக்கம் அவர் தறி. அப்பா தறியில் 'டக்' என்று கேட்கும். சற்றுப் பொறுத்து அங்கிருந்து ஒரு 'டக்'. மத்தியானம் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் சுவரைத் தட்டித் தட்டி ஏதோ பேசிக்கொள்வது போலவே இருக்கும். "என்னம்மா பேசிக்கிறாங்க?" என்று ஒரு தரம் கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தூங்கு" என்றாள். அமாவாசைக்கு அவர் தறிக்கு லீவு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறிக்கு. அந்த நாட்களில் மட்டும் ஒரு தறி தனியாகப் பேசிக்கொண்டிருக்கும்.

பெரியப்பாவுக்கு ஒரே மகள். எனக்கு அக்கா. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகு ஒரு சனிக்கிழமை பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். நான் பிறந்ததிலிருந்து அவள் எங்கள் வாசல்படி மிதித்துப் பார்த்ததில்லை. கையில் சுருட்டிக் கட்டின பாவு. நல்ல அரக்குப் பட்டு.

"முகூர்த்தப் பொடவ சித்தப்பா தறியிலதான் வரணும்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது" என்றாள். "உங்க அண்ணனும் சரின்னுட்டாரு. வாயத் தொறந்து சொல்லல. தலைய ஆட்டினாரு."

அப்பா இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை வாங்குவது போல அதை வாங்கினார். பெரியம்மா போகும்போது அதை ஒரு தரம் தடவிக்கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா அன்று சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான். "இதை மட்டும் நல்லபடியா முடிச்சுட்டா அண்ணன் என்னோட பேசிடுவாரு" என்று அம்மாவிடம் நாலு தரமாவது சொல்லியிருப்பார். மறுநாள் ஞாயிறு, பட்டை மாடத்தில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் உபதேசியார் பிரசங்கம் செய்தார். அவர் தெற்கத்தி ஆள். வார்த்தையின் வாலை முழுங்கிவிடுவார். "நம்ம பாவ் சொமந்தாரு! தோள் மேல சொமந்தாரு!" என்று அவர் முழங்கினால், ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த புறா பறந்துபோகும். பாவம் என்றால் எனக்குத் தெரிந்தது 'ஐயோ பாவம்' ஒன்றுதான். ஆகவே ஆண்டவர் பாவு சுமந்தார் என்றே வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் என்ன அதிசயம்? எங்கள் தெருவில் எல்லாரும்தான் சுமந்தார்கள். விடிகாலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு, தோளில் சிவப்புப் பட்டோடு அவர் எங்கள் தெருமுனை திரும்பி வருவது எனக்குக் கண்ணில் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, "எங்க வெக்கட்டும்மா?" என்று கேட்பார். அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வீட்டில் விளக்கு வைத்ததும் முழங்கால் போட வேண்டும். அப்பா அதில் கறார். அவரவர் பாவத்தை அவரவர் வாயால் சொல்ல வேண்டும், சின்னது பெரிசு கிடையாது. அதுவும் என் காதில் பாவுதான். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அன்றைக்குத் தறியில் என்ன பாவு, எங்கே சிக்கு விழுந்தது என்று முணுமுணுவென்று ஒப்பித்துவிடுவேன். அப்பா மனசு நிறைந்து "ஆமென்" என்பார்.

அந்த ஞாயிறு மத்தியானம் வீடே தூங்கியது. கூரையிலிருந்து ஒரு கத்தி வெயில் இறங்கி மாடத்துப் பட்டின்மேல் விழுந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தறி மட்டும் மெல்ல 'டக், டக்'. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆண்டவர் சுமந்தது எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. எட்டி எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டேன். கனம்தான். கழுத்து ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு, அவர் நடந்த மாதிரி, கூடத்திலிருந்து சமையல்கட்டுக்கு நடந்தேன். திரும்பும்போது கதவு நாதாங்கியில் என்னவோ பிடித்து இழுத்தது. நானும் இழுத்தேன்.

பட்டு அறுகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? பெரிய சத்தம் இல்லை. ஒரு பிடி இழை நாதாங்கியில் தொங்கியது. அதைப் பிடுங்கிச் சுருட்டுக்குள்ளே திணித்து, முன்போலவே மாடத்தில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஜெபத்தில் என் முறை வந்தது. மறைக்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை, சத்தியமாக. அழுதுகொண்டே சத்தமாகச் சொன்னேன். "ஆண்டவரே, நான் பாவு சொமந்தேன். அறுந்துபோச்சு."

கண்ணைத் திறந்தால் அப்பா கண்ணில் தண்ணீர். "பாத்தியா, நம்ம கொழந்த வாயில எப்பேர்ப்பட்ட சாட்சி!" என்று அம்மாவிடம் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். பாவத்தைச் சுமந்தாளாம், அந்தக் கட்டு அறுந்துபோயிற்றாம்! எனக்கோ வேறு ஆறுதல். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, ஆண்டவருக்கும் சொல்லியாகிவிட்டது, பாவு சுமந்து பழகினவர், அவர் பார்த்துக்கொள்வார். நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை காலையில் அப்பா போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். பாவைப் பிரித்துப் போட்டு, அறுந்த இழைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். கோபம் வந்தால் அப்பாவுக்குக் கண் தெரியாது. எனக்கும் அதே புத்திதான் வந்திருக்கிறது.

"மனசில்லாதவங்க எதுக்கு எங்க வாசப்படி ஏறணும்? வந்து தடவிக் குடுத்து அறுத்துட்டுப் போவறதுக்கா?"

பெரியம்மா வாசலுக்கு வந்தவள் அப்படியே கல்லாகிவிட்டாள். அவள் பின்னால் பெரியப்பா வந்தார். இத்தனை வருஷம் கழித்து அப்பாவைப் பார்த்து அவர் பேசின முதல் பேச்சு அதுதான்.

"பாவைத் திருப்பிக் குடு."

உள்ளே அக்கா விசும்புவது தெருவரை கேட்டது. அப்பா வீட்டுக்கு வந்து தறிக்குழி ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கிட்டே போய், "ஏன்பா பெரியம்மாவத் திட்டினே? அறுத்தது நான்தானே" என்றேன்.

அப்பா கை ஓங்கிவிட்டார். "ஏண்டி நேத்தே சொல்லல?"

"சொன்னேனே! ஜெபத்துல சொன்னேன். நீ ஆமென் சொன்னியேப்பா!"

ஓங்கின கை அப்படியே நின்றது. அம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். "ஐயோ, பாவு" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பிறகு என் எதிரில், பெரியவர் எதிரில் போடுவது போல, முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "நான்தாம்மா சரியா கேக்கல. என்னை மன்னிச்சுடு" என்றார். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற அப்பனை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பாவைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அப்பா கிளம்பினார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் அப்பா நின்றார்.

"அண்ணி, உங்க மேல தப்பில்ல. கொழந்த அறுத்துருக்குது. வாய்க்கு வந்தத நான்தான் பேசிட்டேன்." பிறகு பெரியப்பாவிடம் திரும்பினார். குரல் கம்மிப்போய் பாவத்தின் வால் வெளியே வரவில்லை. "பாவ்... என்னுதுண்ணா."

பெரியப்பா காதில் எப்படி விழுந்ததோ, இல்லை வேண்டுமென்றேதான் சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பாவு என்னுதுடா" என்றார். "கொண்டா இங்க. நின்னுக்கினே இருந்தா இழை தானா ஒட்டிக்குமா?"

பெரியம்மா அடுப்புச் சாம்பலை ஒரு தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அறுந்த பட்டை முறுக்கிச் சேர்க்க விரலில் சாம்பல் தொட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே தட்டில் விரல் வைத்து, இழை இழையாகச் சேர்த்தார்கள். நானும் அக்கா மடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் ஏறியது. வேர்வையை அப்பா விரலால் வழித்தபோது நெற்றியில் மூன்று விரல் சாம்பல் பட்டையாக விழுந்துவிட்டது. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து சாம்பல் படாத நெற்றி.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். முதலில் உதடு துடித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "டேய், தொடச்சிக்கடா. உங்க சாமி கோச்சிக்கப்போறாரு."

"அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு பெரியப்பா" என்றேன் நான். "அவரும் பாவு சொமந்தவருதான்."

அப்பா துடைத்துக்கொள்ளவில்லை. கை வேலையாக இருந்தது.