சாஆவிலிருந்து சர்வர் அறைக்கு: கதவின் உள்பக்கம் எழுதியிருந்தது

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, தம்போயைத் தாண்டியுள்ள ஒரு தொழிற்பேட்டையில் இருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்வந்தேன். சுற்றுலா இல்லை, வேலை. ஆனாலும் எழுதுகிறேன். ஜொகூரில் இந்தக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பிள்ளைகள் நாளைக்கு அங்கே நேர்காணலுக்குப் போவார்கள். காரில்லாமல் எப்படிப் போவது என்று நான் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை.

அங்கே பதினாறு கணினிகள் சேர்ந்த ஒரு கிளஸ்டர் இருக்கிறது. பதினாறுக்கும் பொதுவாக ஒரே கோப்பு அமைப்பு. அது ஒரு கோப்பைத் துண்டுகளாக்கிப் பல சேமிப்பு சர்வர்களில் வைக்கும்; படிக்கும்போது எல்லாத் துண்டுகளையும் ஒரே நேரத்தில் இழுக்கும். நெட்வொர்க் வேகமாக இருந்தால்தான் அந்த முறைக்கே அர்த்தம். எட்டுக் கணினிகள் பறந்தன, எட்டு ஊர்ந்தன. கேபிள் போட்ட குழுவின் வேலை சரியில்லை என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு அறிக்கை வந்திருந்தது. அதை எழுதியவர் நேரில் வந்து பார்க்கவில்லை. "போய் உறுதி செய்" என்று என் கம்பெனி எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது. "கண்டுபிடி" என்று அதில் இல்லை.

காலை 5.50க்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் எங்கள் ஊர் சாஆவிலிருந்து கிளம்பினேன். பேருந்து ஏறும் யொங் பெங் 27 கிலோமீட்டர். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போக நாற்பது நிமிடம் ஆனது. 6.45க்கு லார்க்கின் நிலையத்துக்குப் பேருந்து, 12 வெள்ளி (ரிங்கிட்). இடதுபக்க ஜன்னலோரம் உட்காராதீர்கள், முகத்தில் வெயில். 8.20க்கு லார்க்கின்.

அங்கிருந்து தொழிற்பேட்டைக்கு 11 கிலோமீட்டர். நகரப் பேருந்து பெரிய சாலையிலேயே இறக்கிவிடும். மிச்சம் இரண்டு கிலோமீட்டர் நடை, நடைபாதை கிடையாது. இவ்வளவு பெரிய கட்டடங்களைக் கட்டியவர்களுக்கு ஒரு பஸ் நிறுத்தம் போட மனம் வரவில்லை. இரவுக் காவலுக்கும் துப்புரவுக்கும் வருகிறவர்கள் அந்தப் புல் ஓரத்தில்தான் நடக்கிறார்கள். நான் கைப்பேசியில் கார் கூப்பிட்டேன், 17 வெள்ளி.

ஓட்டுநர் ஐம்பது வயதுத் தமிழர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, கிளீனிங்கா, செக்யூரிட்டியா?"

"கம்ப்யூட்டர் வேலை, அங்கிள்."

"அலமாக்! கோவிச்சுக்காதம்மா. அங்க நான் ஏத்திட்டுப் போற நம்ம ஆளுங்க எல்லாம் அந்த ரெண்டு வேலதான் லா." கொஞ்ச தூரம் போனதும், "எம் மக பாலிடெக்னிக்ல படிக்கிறா. இதுக்கு என்ன படிக்கணும்?" என்றார். லினக்ஸ், நெட்வொர்க் என்று சொன்னேன். சிவப்பு விளக்கில் நிறுத்தி, அதைக் குரல் பதிவாக மகளுக்கு அனுப்பினார்.

வாசல் காவலறைக்கு வெளியே பாதுகாப்புத் தொப்பியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். தம்போய்க்காரர், பெயர் மேரி. கேபிள் குழுவின் தலைவி. அறிக்கை வந்த மறுநாளே அவருடைய குழு ஆறு பேரின் நுழைவு அட்டையையும் ரத்து செய்துவிட்டார்கள். மூன்று மணிக்கு ஒரு கூட்டம். தப்பு கேபிளில்தான் என்றால் இரண்டாவது சர்வர் கூடத்தின் வேலையும் அவர்கள் கையை விட்டுப் போகும்.

"நீதான் செக் பண்ண வந்தவளா? நீயும் அதத்தான் எழுதப் போற."

"பாக்காம எதுவும் எழுத மாட்டேன், அக்கா."

"பாத்தவங்க யாரு இருக்காங்க இங்க? போ, போய்ப் பாரு."

உள்ளே குளிர், குளிர்சட்டை அவசியம். மூடிய காலணி இல்லாவிட்டால் விடமாட்டார்கள். பொறுப்பாளர் லிம் என்னைச் சர்வர் அடுக்குகள் வரை கூட்டிப்போனார். உண்மையைச் சொல்கிறேன்: 9.30லிருந்து 11 மணி வரை நானும் கேபிளைத்தான் சந்தேகித்தேன். இரண்டைக் கழற்றி மாற்றியும் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் கேபிள் செருகும் போர்ட்டின் எண்ணிக்கைகளைப் பார்த்தேன். கேபிள் கெட்டிருந்தால் பிழைகள் ஏறியிருக்கும். பிழை பூஜ்யம். போன தரவும் பூஜ்யம். இணைப்பு உயிரோடு இருக்கிறது, ஆனால் அதில் யாருமே போகவில்லை.

அப்படியானால் தரவு வேறு வழியில் போகிறது. கீழே வைத்திருந்த என் கருவியை எடுக்க அடுக்கின் கதவை முழுக்கத் திறந்தபோது, உள்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பில் மார்க்கரால் தமிழில் எழுதியிருந்தது: "இந்த எட்டுல கார்டு கீழ் சிலாட்."

"இது என்ன?" என்று லிம்மிடம் மலாயில் கேட்டேன்.

"வேலைக்காரர்கள் கிறுக்கியது. விருந்தினர் வரும் முன் உரிக்கச் சொல்ல வேண்டும்."

மேரி அக்காவை உள்ளே கூப்பிட்டே ஆகவேண்டும் என்றேன். அந்தக் கூடத்தின் ஒவ்வொரு கேபிளையும் இழுத்தவருக்கு நெஞ்சில் "விருந்தினர்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார்கள்.

"ரெண்டாவது லாட்ல வந்த மெஷின்ல கார்டு கீழ மாட்டியிருந்துச்சு. கேபிள் அரையடி பத்தல, நீளமானது போட்டோம். ஃபாரத்துல அத எழுதக் கட்டமே இல்ல. எங் குழுப் பசங்க எல்லாம் தமிழ் ஸ்கூல்ல படிச்சவங்க, அதான் டேப்ல எழுதி ஒட்டினேன்."

அதற்குப்பின் எல்லாம் விளங்கியது. வேகமான நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் வைக்கும் பெயர் அது எந்த சிலாட்டில், அதாவது எந்தச் செருகுமிடத்தில், இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். கோப்பு அமைப்புக்கு வழி சொல்லும் அமைப்புக் கோப்பிலோ பதினாறுக்கும் மேல் சிலாட்டின் பெயர்தான் இருந்தது. கீழ் சிலாட் கணினிகளில் அந்தப் பெயரே இல்லை, அதனால் கோப்பு அமைப்புக்கு வேகமான பாதை கிடைக்கவில்லை. எப்படியாவது வேலை செய்யட்டும் என்று யாரோ பராமரிப்புக்கு மட்டும் இருக்கும் மெதுவான நிர்வாக நெட்வொர்க்கை இரண்டாவது வழியாகச் சேர்த்திருக்கிறார்கள். எட்டும் அந்த மெதுவான வழியில் சத்தமில்லாமல் இணைந்துகொண்டன.

கார்டின் வன்பொருள் முகவரியை வைத்து எட்டிலும் அதற்கு மேல் சிலாட்டின் பெயரையே கொடுத்தேன். கோப்பு அமைப்பைக் கழற்றி, அதன் நெட்வொர்க்கை இறக்கி, அந்த மெதுவான வழியைச் சொல்லும் வரியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒவ்வொரு கணினியிலிருந்தும் ஒவ்வொரு சேமிப்பு சர்வருக்கும் பிங் என்ற சோதனைச் செய்தி போகிறதா என்று சோதித்தேன். 2.40க்கு பதினாறும் ஒரே வேகம். போர்ட்டின் எண்ணிக்கை ஏறுவதை மேரி அக்கா திரையில் பார்த்தார்.

"ஓடுது பாரு, கழுத!" என்றார். கண் துடைத்ததை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆறு அட்டைகளும் திரும்பக் கிடைத்தன, இரண்டாவது கூடமும் அவர்களுக்கே. அறிக்கை எழுதியவர் இன்றுவரை ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை. ஆனால் புதிய படிவத்தில் சிலாட்டுக்கு ஒரு கட்டம் வந்துவிட்டது. டேப்பை உரிக்க வேண்டாம் என்று லிம்மே சொன்னார், பக்கத்தில் மலாயிலும் எழுதச் சொன்னார். திரும்பும்போது மேரி அக்கா தன் வேனில் என்னை லார்க்கினில் இறக்கிவிட்டார். 5.15 பேருந்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையை வாசலில் வாங்கிக்கொள்வார்கள், கையோடு வைத்திருங்கள். பத்து மணிக்கு நேர்காணல் என்றால் 6.45 பேருந்துக்கு மேல் தாமதிக்காதீர்கள். அமைப்புக் கோப்பில் "எதற்கும் இருக்கட்டும்" என்று மெதுவான வழியைச் சேர்க்காதீர்கள். உடைந்தால் உடைந்தது தெரியட்டும். அறிக்கையைப் படிக்கும் முன் அடுக்கின் கதவைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். அங்கே எழுதியிருப்பது உங்களுக்குப் புரியாவிட்டால், எழுதியவர் அநேகமாக வாசலில்தான் உட்கார்ந்திருப்பார். கூப்பிடுங்கள்.