இடது ஷூவுக்குள் ஒரு காசு

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரப் பேருந்துகளில் கண்டக்டர் ஐவி சக்டனின் விரல்களை ஏமாற்றியவர் கிடையாது. இரண்டு ஷில்லிங் காசும் இரண்டரை ஷில்லிங் காசும் இருட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவள் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு மீதியைக் கொடுத்துவிடுவாள். இப்படியே வயது நாற்பதைத் தாண்டியது. ஒரு மழைநாளில், வண்டி நின்றிருந்தபோது, டிரைவர் வில்ஃப்ரெட் திரும்பிப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். அவள் மணியை இரண்டு முறை அடித்தாள். இரண்டு மணி என்றால் போகலாம்.

வில்ஃப்ரெட்டின் தாயார் மிஸஸ் அக்ராய்டுக்குத்தான் முகம் மலரவில்லை. கஞ்சத்தனத்துக்குப் பேர்போன அந்த அம்மாள், பெண்ணுக்கு வயதாகிவிட்டது என்று தெருவெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தாள். அதிர்ஷ்டத்துக்காக மணப்பெண்ணின் இடது ஷூவுக்குள் வெள்ளி ஆறு பென்ஸ் வைப்பது வழக்கம். கல்யாணத்தன்று அதைத் தானே வைப்பேன் என்று வந்து குனிந்தவள், ஐவி பார்ப்பதற்குள் ஷூவைக் காலில் மாட்டியும் விட்டாள்.

தேவாலயத்தில் நடக்கும்போதுதான் ஐவிக்கு உறைத்தது. காலடியில் இருந்தது ஆறு பென்ஸ் இல்லை, அதைவிடப் பெரிது. அந்த அகலத்துக்குச் செம்பு அரைப் பென்னிதான் இருக்கும். ஒரு ஷில்லிங்குக்கு இருபத்துநான்கு கிடைக்குமே, அது. மாமியார் தனக்குப் போட்ட மதிப்பு இவ்வளவுதானா? பாதிரியார் கேட்டதற்கெல்லாம் சரி என்றாள்.

விருந்துக்கு ஐவியின் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் மாட்டிறைச்சி பாதி வேகும்போதே கேஸ் நின்றுபோயிருந்தது. காசு போட்டால்தான் கேஸ் விடும் மீட்டர் அது; ஷில்லிங் காசைத் தவிர வேறெதையும் விழுங்காது. விருந்தாளிகள் பாக்கெட்டுகளைத் துழாவினார்கள். பென்னிகள் கைகொள்ளாமல் வந்தன. ஷில்லிங்குகளோ காலையிலேயே அவரவர் வீட்டு மீட்டருக்குள் போய்விட்டிருந்தன.

"காசுப் பையத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியிறவ வீட்டுல ஒரு ஷில்லிங் இல்லையாக்கும்," என்றாள் மிஸஸ் அக்ராய்டு.

ஐவிக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"உங்க அரைப் பென்னிய நீங்களே வச்சுக்குங்க, மிஸஸ் அக்ராய்டு. நான் அவ்வளவு மலிவு இல்ல."

மேசைமேல் கவிழ்த்தாள். விழுந்தது வெள்ளையாக ஒரு ஷில்லிங். முழுசாகப் பன்னிரண்டு பென்ஸ்.

ஐவியின் முகம் காதுவரை சிவந்துபோனது.

"ஆறு பென்ஸு இருவது வயசுக் குட்டிங்களுக்கு," என்றாள் மிஸஸ் அக்ராய்டு. "நீ இத்தன வருசம் காத்திருந்தவ, ரெண்டு மடங்காவது வைக்க வேணாமா? கையால தொட்டா காசச் சொல்லிருவியாம். கால்ல கோட்ட விட்டுட்டியே பொண்ணே."

முதலில் வில்ஃப்ரெட் சிரித்தான், பிறகு வீடே சிரித்தது. ஐவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் காசை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"அதிர்ஷ்டக் காசு. இதப் போயி மீட்டர்ல போட மனசு வரலியே."

"வேகாத கறிக்கு முன்னாடி அதிர்ஷ்டம் என்னத்துக்கு ஆகும்? போடு," என்றாள் மாமியார்.

ஒற்றை ஷூவோடு தாங்கித் தாங்கிப் போய் ஐவி காசைப் போட்டுத் திருகினாள். தீக்குச்சியைக் கிழித்ததும் அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது.

"மொத டீ உங்களுக்குத்தான், அம்மா," என்றாள்.

மிஸஸ் அக்ராய்டு என்று கூப்பிட முடியாது. இப்போது ஐவியும் மிஸஸ் அக்ராய்டுதானே.