ஸ்பீக்கரைக் கழற்றிய சனிக்கிழமை

எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்காக பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டில் கிட்டார் பழகிக்கொண்டிருந்தேன். உடன் வேலை பார்க்கும் தினேஷ், தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கர் பெட்டியையும் என்னை நம்பிக் கொடுத்திருந்தான்.

சனிக்கிழமை காலை கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, கன்னடம் கலந்த தமிழில், "சொல்ப, கொஞ்சம் மெல்ல வாசிங்கம்மா, பாப்பா தூங்குது" என்றார். உடனே ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, கிட்டார் ஒலியை மாற்றித் தரும் எஃபெக்ட்ஸ் பெடலில் ஹெட்போனைச் செருகி வாசித்தேன். பெடலிலிருந்து ஆம்புக்குப் போகும் வயர் அப்படியே இருந்தது. ஆம்பும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்தான் இல்லையே, அது சும்மாதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தினேஷ் போன் செய்தான். என் யோசனையைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஸ்பீக்கர் இல்லாமயா? அக்கா, மொதல்ல ஆம்பை ஆஃப் பண்ணுங்க."

ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பில் வாசித்தால் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடுமாம்.

அணைத்துவிட்டுப் பின்பக்கம் மோந்து பார்த்தேன். கருகல் வாடை ஆம்பிலிருந்து வருகிறதா, என் தோசைக்கல்லிலிருந்தா என்று தெரியவில்லை. அவன் வரும்வரை உட்கார முடியாமல் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன்.

வந்தவன் நேராகப் போய் ஸ்பீக்கர் வயரை மாட்டினான். ஆம்ப் சூடேறியதும் கிட்டாரின் ஒரு கம்பியைத் தட்டினான். வீடே அதிர்ந்தது. கீழே பாப்பா வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

இப்போது ஆம்பின் பவர் வயரை ஸ்பீக்கர் பெட்டியின் கைப்பிடியில்தான் சுற்றி வைக்கிறேன். ஸ்பீக்கரைத் தொடாமல் ஆம்பைப் போடவே முடியாது. யாராவது மெல்ல வாசிக்கச் சொன்னால், வால்யூமைக் குறைக்கிறேன்.