சாம்பல் விழாத வாவி

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றின் மட்டக்களப்பு நிருபர். எங்கள் ஊர்ச் செய்திக்கு ஆசிரியபீடம் நான்கு வரிக்குமேல் தராது. அதற்கு நிருபர்களிடம் ஒரு வழி இருந்தது: உள்ளூர்ச் சம்பவத்தை உலகச் செய்தி ஒன்றின் வாலில் கட்டி அனுப்புவது.

அப்போது வல்லரசு ஒன்று பசிபிக் கடலில் ஐதரசன் குண்டை வெடித்துப் பார்த்திருந்தது. தொலைவில் நின்ற ஜப்பானிய மீன்படகில் வெண்சாம்பல் விழுந்தது. பயந்த மக்கள் பிடித்த மீனையெல்லாம் குழிதோண்டிப் புதைத்தார்கள். பசித்த உலகத்தில் அரசுகள் இந்தக் குண்டுகளைச் செய்யத் தொடர்ந்து பணம் ஒதுக்கலாமா என்று ஒரு கட்டுரை எழுதினேன். கூடாது என்பது என் வாதம்.

அதே கிழமை பெரியகல்லாற்றுப் பக்கம் வாவியில் மணலை மீன்கள் செத்து மிதந்தன. வாவி கடலோடு சேரும் ஆற்றுவாயை மணல் அடைத்து, வெயிலில் தண்ணீர் கெட்டிருந்தது. சில கோடைகளில் அப்படி நடக்கும்; எனக்கு அது தெரியும். கட்டுரையை இப்படி முடித்தேன்: “எமது வாவியிலும் மீன்கள் இறந்து மிதக்கின்றன. காரணம் இன்னும் ஆராயப்படவில்லை.” ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒருவரும் ஆராயவில்லைதான்.

கட்டுரை முதற்பக்கத்தில் வந்தது. மறுநாளே சந்தையில் வாவி மீனை யாரும் தொடவில்லை. மொத்தமாக மீன் வாங்கும் ஏறாவூர் வியாபாரிகளும் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக மீன் தரும் பெண் பெரியகல்லாற்றிலிருந்து வருபவள். கணவன் தோணியில் பிடிப்பதை அவள் ஓலைக் கடகத்தில் கொண்டுவந்து விற்பாள். மூன்று நாள் ஒன்றும் போகவில்லை. உப்பிட்டுக் காயவைத்தாள், கருவாடும் போகவில்லை.

“என்னகா, இண்டைக்கும் குண்டு மீனா?” என்று மரக்கறி விற்றவள் கேட்டாள். “வாங்கினா வீட்டுக்கு விளக்குத் தேவல்ல, மீனே வெளிச்சம் தரும்.”

நான்காம் நாள் சந்தையில் என்னைக் கண்டதும் மீன்காரி எழுந்தாள்.

“ஐயா, நீங்கதானே எழுதின?”

“ஓம்.”

“அந்தக் குண்டு வெடிச்ச கடல் எவ்வளவு தூரம்?”

“ஆயிரக்கணக்கான மைல்.”

“மறுகா எங்கட மீனுக்கு என்ன வந்த? ஆத்துவாய் அடைச்சுக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும். திருத்தம் எழுதி அனுப்பியிருக்கன்.”

“அது வரக்குள்ள வரட்டும். இப்ப இந்தச் சனம் பாக்க ஒரு துண்டு தின்னுங்க. அது காணும்.”

விடியற்காலையில் பொரித்த மணலையைப் பூவரசம் இலையில் சுற்றி வைத்திருந்தாள். சனம் கூடியது. நான் ஒரு துண்டை எடுத்தேன். வாய்க்கு அருகில் வந்தபோது கை நின்றது. மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம்தான். நான் கட்டிய வாக்கியம் எனக்குள்ளும் இறங்கியிருந்தது. பிறகு முழுவதையும் தின்றேன். நல்ல மீன்.

“கண்டயா, எழுதினவருக்கே பயம்,” என்றாள் மரக்கறிக்காரி. யாரும் சிரிக்கவில்லை. சனம் கலைந்தது. மீன்காரி கடகத்தை மூடிக்கொண்டு போனாள்.

திருத்தம் அடுத்த கிழமை உட்பக்கத்தில், மூன்று வரியில் வந்தது. அவளுடைய இடத்தில் அதற்குள் வேறொருத்தி தேங்காய் விற்றுக்கொண்டிருந்தாள்.

மழைக்காலம் வந்து, ஆற்றுவாய் வெட்டப்பட்டு, சந்தையில் மறுபடி மீன் போகத் தொடங்கிய பின் வாழைச்சேனைக்குச் செய்திக்காகப் போனேன். அங்கே கடதாசி ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள். கல் சுமந்தவர்களுக்குள் அவள் கணவனைக் கண்டேன். தோணியை விற்றுவிட்டதாகச் சொன்னான். கோபம் காட்டவில்லை.

“இப்ப சனம் மீன் வாங்குது. ஊருக்குத் திரும்பலாமே,” என்றேன்.

“அவ மாட்டன் எண்டுறா ஐயா. வீட்டில மீன் சட்டி வைக்கிறதுமில்ல. நீங்க அண்டைக்குத் தின்னாம நிண்ட நிப்பைக் கண்டதிலேருந்து புள்ளைகளுக்கு மீன் குடுக்கிறல்ல.”

“அந்த மீனில ஒண்டுமில்ல. சத்தியமா ஒண்டுமில்ல.”

அவன் அடுத்த கல்லைத் தோளில் ஏற்றிக்கொண்டான்.

“எங்களுக்கென்ன தெரியும், ஐயா. நீங்க படிச்ச ஆக்கள்.”