காலியாக இருந்த கட்டம்

பலருடைய மரபணு விவரங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, மறதி நோய் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வைக்க முடியுமா என்று இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆய்வு நடந்தது. அதற்கு ரத்தம் சேகரிக்க நான் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தேன்.

அங்கே ரத்தம் கொடுக்க வந்த ஒருவர் இரும்பாலையில் கிரேன் ஓட்டுபவர். ஐம்பது வயதிருக்கும். உலைச் சூட்டில் புருவம் கருகியிருந்தது. எதைச் சொன்னாலும் கடைசியில், “கரெக்டா சொன்னேனா?” என்று கேட்பார். அவருடைய அம்மாவும் அண்ணனும் அந்த நோய் வந்துதான் இறந்தார்கள்.

ரத்தம் எடுத்த பிறகு படிவத்தை நிரப்பினேன்.

“உங்க ஞாபகத்துல மாற்றம் தெரிஞ்சா கவனிச்சுச் சொல்ல, நல்லாப் பழகின ஒருத்தர் பேர் வேணும். வருஷா வருஷம் அவரைக் கேட்போம்” என்றேன்.

“ஊட்ல நான் மட்டும்தான் சார்.”

“கூட வேலை பாக்கிறவங்க?”

“நான் கிரேன் மேல ஒண்டியா குந்திக்கினு இருக்கேன். கீழ இருக்கறவங்க கையைத்தான் காட்டுவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “உங்க பேரையே போட்டுக்குங்களேன் சார். இந்த மாசத்துல எங்கிட்ட இவ்ளோ நேரம் பேசுனது நீங்கதான்.”

அதற்கு விதியில் இடமில்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். அதை அவரிடம் சொல்ல வாய் வராமல் ரயிலேறிவிட்டேன்.

அவருக்கு அந்த நோய் வந்ததா, தெரியாது. வந்திருந்தால், அது முதலில் யார் கண்ணில் பட்டிருக்கும்?