சூசை அண்ணன் ஊற்றிய தண்ணீர்

சூசை அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் ஸ்டெல்லா மதுரையிலிருந்து போன் செய்தாள்.

மூன்று நாளாக ஐசியு. "உள்ள யாரையும் விடல அத்தை, கண்ணாடி வழியாத்தான் பாக்குறோம்" என்று நேற்று ராத்திரிகூடச் சொன்னாள்.

இதைப் படிக்கிற நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. மல்லாங்கிணற்றுக்காரர். என் அண்ணன் தனபாலும் அவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள்.

எழுபத்தொன்றில் பங்களாதேஷ் சண்டைக்கு ரெண்டு பேரும் போனார்கள். திருச்சுழியில் எங்கள் வீட்டுக்குத் தந்திதான் வந்தது... அண்ணன் வரவில்லை. உடம்பும் வரவில்லை, அங்கேயே எரித்துவிட்டார்களாம்.

அவனுக்கு இருபத்திரண்டு வயசு. எனக்குப் பதினாலு.

லீவில் வந்தால் நான் தூங்கும்போது பின்னலைக் கட்டில் காலோடு கட்டிவிடுவான். நான் கத்தினால், "இவளைப் பட்டாளத்துல சேத்தா சண்டை ஒரே நாள்ல முடிஞ்சிரும்மா" என்பான். அந்தக் குரல்கூட இப்போது சரியாக ஞாபகத்தில் இல்லை.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எம்புள்ளைக்கு உசிரு போகையில ஒரு வாய்த் தண்ணி ஊத்த ஆளு இருந்துச்சா?"

யாருக்குத் தெரியும்... 

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தண்ணீரே இறங்கவில்லை. செம்பை வாய்வரை கொண்டுபோவார், அப்படியே கீழே வைத்துவிடுவார். நான் அதட்டினால் நாக்கை மட்டும் நனைத்துக்கொள்வார். ஆள் குச்சியாகிவிட்டார். "இவளும் போயிருவா போல" என்று என் காதுபடவே பேசினார்கள்.

லீவு கிடைத்ததும் சூசை அண்ணன் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர் பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே அம்மா அதையே கேட்டார்.

"நான்தாம்மா ஊத்துனேன். என் பாட்டில் தண்ணி. ரெண்டு மடக்கு குடிச்சான்."

அம்மா எழுந்து போய்ப் பானையில் மொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அழுதுகொண்டே குடித்தார்.

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை. தீபாவளிக்கு அவருக்கும் சட்டை உண்டு, கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கும் கேக் வந்துவிடும்.

எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அம்மா இந்தக் கதையைச் சொல்வார். ரெண்டு மடக்கு நாலு மடக்காகி, கடைசியில் முழு பாட்டிலே ஆகிவிட்டது! சூசை அண்ணன் பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொள்வார். நான் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

ஏழு வருஷம் கழித்து அம்மா படுக்கையில் விழுந்தார். "எனக்குச் சூசைதான் பால் ஊத்தணும்" என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். "வேதக்காரப் பையனா?" என்று பெரியப்பா முகத்தைச் சுளித்தார். நான் போட்ட சத்தத்தில் அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஆனால் சூசை அண்ணன் உள்ளே வரவில்லை. பின்வாசலில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பால் கிண்ணத்தோடு போய்க் கூப்பிட்டேன்.

"தங்கச்சி... அன்னைக்கு நான் தனபாலு பக்கத்துலயே இல்ல. ரொம்பப் பின்னால டீசல் லோடு ஏத்திக்கிட்டு இருந்தேன். மறுநாள்தான் சொன்னாக. இந்தக் கையால அம்மாவுக்கு எப்படி ஊத்துவேன்?"

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. ஏழு வருஷம்... ஏழு வருஷமாக இந்த மனுஷன் முகத்தைப் பார்த்துத்தானே நாங்கள் ஆறிக்கொண்டிருந்தோம்!

கிண்ணத்தை அவர் கையில் திணித்தேன். "இப்ப ஒண்ணும் பேசாதீகண்ணே. போயி ஊத்துங்க."

போய் ஊற்றினார். பாதிப் பால் தலையணையில் சிந்தியது. அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். சாயங்காலம் அம்மா போய்விட்டார்.

அதற்கப்புறம் நானும் சூசை அண்ணனும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் அண்ணன் எப்படிச் செத்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள், தண்ணீர் கேட்டானா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலையில் ஸ்டெல்லா அழுதுகொண்டே பேசும்போது என் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பாவுக்குக் கடைசியா தண்ணி ஊத்துனியாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

ஸ்டெல்லாவின் அழுகை சட்டென்று நின்றது.

"நான்தான் ஊத்துனேன் அத்தை. குடிச்சாக."

"நல்லதும்மா" என்றேன்.

நாலு மணிக்கு மல்லாங்கிணற்றில் அடக்கம். அருப்புக்கோட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.

போங்கண்ணே... தனபாலைப் பாத்தா, தண்ணி குடிச்சானான்னு கேட்டு வைங்க.