கடலில்லாத எஞ்சின்

முத்துச்செல்விக்குச் செய்தி வந்தபோது காலை ஆறே கால் மணி. குழாயில் தண்ணீர் வருகிற நாள். குடத்தை நகர்த்திவிட்டு ஈரக்கையோடு போனை எடுத்தாள். ஊருக்கு வெளியே மதுரை பைபாஸில் இருக்கும் லாரி சர்வீஸ் சென்டரின் வாட்ச்மேன் பொன்னுதுரை பேசினார். “யக்கா, அண்ணாச்சி எந்திரிக்க மாட்டேங்காவ. கொஞ்சம் வாங்க.”

அவள் கேட்ட முதல் கேள்வி, “வண்டிய என்ன செஞ்சீங்க?” என்பதுதான். மகாராஜனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு வேறு கேள்வி முதலில் வாயில் வந்திருக்காது. மறுமுனையில் பொன்னுதுரை முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். அப்புறம்தான் அவர் சொன்னது அவளுக்கு விளங்கியது.

மகாராஜன் சந்தேகப்பட்டே பிழைத்த மனிதர். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. யார் சொன்னது, எதற்காகச் சொன்னார்கள் என்றுதான் விசாரிப்பார். பெண் பார்க்க வருவதற்கு முன்பே, முத்துச்செல்வி வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் போய், பிள்ளையைச் சேர்க்க வந்தவர்போல ஆபீஸில் உட்கார்ந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனவர். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தலைமையாசிரியை சொல்லித்தான் அவளுக்கே தெரியும். கேட்டதற்கு, “பி.காம். படிச்ச பிள்ளைன்னு தரகர் சொன்னாரு. டைப் அடிக்கத் தெரியுமான்னு பாத்தேன்” என்றார். முகத்தில் வெட்கம் இல்லை.

தொழிலிலும் அப்படித்தான். டீசல் பங்கில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பார். பூஜ்யம் காட்டினால், ஏன் இவ்வளவு சுத்தமாகக் காட்டுகிறது என்று யோசிப்பார். ஒரே லோடை இரண்டு எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கும்போது முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவார். திரும்பி வந்து கோடு அசையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறப்பார். வீடு இருந்த முத்தையாபுரத்துப் பிள்ளைகள் ஒருநாள் அதை அழித்துவிட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டுவைத்தார்கள். அன்று மத்தியானச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

மற்றவர்கள் வண்டியை ஓட்டி ஓட்டி, கடைசியில் ஒரு டிரெய்லர் சொந்தமாக வாங்கினார். புது வண்டி. இன்னும் மூன்று வருஷத்துக்கு எஞ்சினுக்கு வாரண்டி இருந்தது. துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக் கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் இறக்குவது வேலை. வீட்டுக்கு அந்த ஒரு வண்டிதான் சோறு.

அந்தச் சாலை மேற்கே போகிறது. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் எதிர்க்காற்று முகத்தில் அறையும். கண்டெய்னர் ஏற்றிய வண்டி என்றால் ஒரு வீட்டுச் சுவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு காற்றுக்குள் போவது மாதிரி. வழியில் வல்லநாட்டு மேட்டில் மகாராஜனின் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது, அதே துறைமுக லோடு அடிக்கிற கூட்டாளி நயினாரின் வண்டி ஹாரன் அடித்தபடி தாண்டிப் போகும். அதே கம்பெனி, அதே மாடல். நயினார் தன் வண்டியை டியூன் பண்ணியிருந்தார். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல், எப்போது, எவ்வளவு காற்று என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் பெட்டியில் கம்பெனி எழுதி வைத்த கணக்கை அழித்துவிட்டு வேறு கணக்கு எழுதுவதுதான் டியூனிங். நயினாரின் வண்டி தினமும் இரண்டு டிரிப் அடித்தது. லோடு தருகிற ஏஜெண்ட் ராஜகோபாலன், யாரையும் கடிந்து பேசாத மனிதர், இனிமேல் இரண்டு டிரிப் அடிக்கிற வண்டிக்குத்தான் தினசரி லோடு என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார்.

ஆக, மகாராஜனுக்கு வழி இரண்டுதான். டியூன் பண்ணினால் லோடு நிலைக்கும். ஆனால் எஞ்சினில் ஏதாவது வந்தால் கம்பெனி கையை விரித்துவிடும். பண்ணாவிட்டால் வாரண்டி இருக்கும், லோடு போய்விடும்.

டியூன் பண்ணுகிற ஜாக்சன் திரேஸ்புரத்துக்காரன். விசைப்படகு எஞ்சின்களில் கை தேறியவன். விடிவதற்குள் போய் இரவுக்குள் கரை திரும்ப வேண்டிய படகுகளுக்கு வேகம்தான் பிழைப்பு. அந்த வேகத்தை ஏற்றித் தருகிறவன் என்று அவனுக்குப் பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை நயினார் அவனை முத்தையாபுரத்துக்கு அழைத்து வந்தார். படகில் தண்ணீர் படாமலிருக்க வைத்திருக்கும் ரப்பர் பைக்குள்ளிருந்து லேப்டாப்பை எடுத்து வெளியே வைத்தான். இழுவை கூடும் என்றான், டீசலும் மிச்சமாகும் என்றான்.

“கூடுதலா வேல செய்யும், கொறச்சலாத் திங்கும்” என்றார் மகாராஜன். “அப்படி ஒரு சீவன் உலகத்துல உண்டுமாலே?”

“உண்டு” என்றாள் முத்துச்செல்வி, அடுப்படியிலிருந்து. “பொண்டாட்டி.”

நயினார் சிரித்ததில் டீ சிந்தியது. மகாராஜன் சிரிக்கவில்லை. ஜாக்சனிடம், நீ வேலை பார்க்கும் படகுகளில் எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கடலில் இருந்துதான், பம்பு இழுத்துக் கொடுக்கும் என்றான் அவன்.

“கடலு கொதிச்சு எப்பமாவது பாத்திருக்கியா?”

“என்ன அண்ணாச்சி…”

“அங்கன எத்தன சூடு ஏத்துனாலும் வாங்கிக்கிட கீழ ஒரு கடல் கெடக்கு. என் வண்டிக்கு முன்னால கெடக்கது ஒரு ரேடியேட்டரு. அதுக்கு முன்னால வல்லநாட்டு வெயிலு. நீ கடலுக்குப் போட்ட கணக்க ரோட்டுக்குப் போடுதியோன்னு கேக்குதேன்.”

லாரிக்கு வேறு கணக்குதான் போடுவேன் என்று ஜாக்சன் சொன்னான். பழைய கணக்கையும் பத்திரமாக வைத்திருப்பானாம்; சர்வீஸுக்கு விடுவதற்கு முன்னால் திரும்ப ஏற்றிவிடுவானாம்; கம்பெனிக்குத் தெரியவே தெரியாதாம். கம்பெனிக்குத் தெரியாது என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று மகாராஜன் கேட்டார். ஜாக்சன் லேப்டாப்பைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

முத்துச்செல்விக்கு டியூனிங்கில் சம்மதம்தான். நயினாரின் வண்டி ஒரு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. கண்ணால் பார்க்கிற அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இவருக்கு மாட்டேன் என்று சொல்வதில் ஒரு ருசி இருக்கிறதோ என்றுகூட நினைத்தாள். சாப்பாடு போடும்போது கேட்டாள்: “அந்த வாரண்டிய அவ்வளவு நம்புதீங்களாக்கும்?”

“வாரண்டிய எவன் நம்புவான்? அவன் தப்பிக்கதுக்குத்தான் அத்தன பக்கம் எழுதி வச்சிருக்கான்.”

“பொறவு என்ன பயம்?”

“அவன் தப்பிக்கதுக்கு வாசல் தேடிக்கிட்டு இருக்கான். நான் போயி ஏன் தெறந்து விடணும்?”

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜாக்சன் சொன்னது மெய்தானா என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. சர்வீஸ் சென்டருக்குப் போனார். அங்கே சிவப்பிரகாஷ் என்று ஓர் அட்வைசர், வருகிற வண்டியின் குறையைக் கேட்டு எழுதுகிறவன். வயசு முப்பதுக்குள், நிதானமான பேச்சு. தெரிந்தவர் ஒருவருடைய வண்டி என்று ஆரம்பித்து, கணக்கை மாற்றி எழுதிவிட்டுப் பழையதைத் திரும்ப ஏற்றினால் உங்கள் மெஷினில் தெரியுமா, எத்தனை தடவை எழுதினார்கள் என்று பெட்டி ஞாபகம் வைத்திருக்குமா, பேட்டரியைக் கழற்றிவிட்டால் மறந்துவிடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சிவப்பிரகாஷ் முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். பிறகு சிரிக்காமல் சொன்னான். பிறகு, அண்ணாச்சியின் வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டான். வீட்டுக்கு வந்து மகாராஜன், அவன் பார்வை சரியில்லை என்றார். உங்களுக்கு யார் பார்வைதான் சரி என்று முத்துச்செல்வி சொன்னாள்.

ஆடி பிறந்த வாரம் வல்லநாட்டு மேட்டில் வண்டி ஊளையிட்டது. பின்னாலே நீலப்புகை. இழுவை சுத்தமாக விட்டுப்போயிற்று. டர்போ போய்விட்டது, எஞ்சினுக்குள் காற்றை அடைத்துக் கொடுக்கிற சின்னச் சக்கரம் அது. வண்டியைக் கட்டி இழுத்துச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவந்தார்கள். வாரண்டியில் உள்ள பொருள்தான். ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியைத் தலைமை ஆபீஸ் சோதித்துச் சொன்ன பிறகுதான் கை வைப்போம் என்றான் சிவப்பிரகாஷ். பக்கத்தில் முத்துச்செல்வியும் நின்றாள்.

“நான் அதுல கையே வைக்கலையே தம்பி.”

“கைய வைக்காதவங்க யாரும் அன்னைக்கு நீங்க கேட்ட மாதிரி கேட்டதில்ல அண்ணாச்சி.”

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவர், தன்னை ஒருவன் சந்தேகப்பட்டதும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வரவில்லை. ஆளில்லாத நேரத்தில் அவர்களே பெட்டியில் எதையாவது எழுதிவிட்டுத் தன் தலையில் கட்டிவிடுவார்கள் என்று வண்டிக் கேபினிலேயே தங்கிவிட்டார். மாற்றுத் துணியும் சாப்பாடும் முத்துச்செல்வி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கேபின் அடுப்புபோல இருந்தது. அவருடைய லோடு நயினாருக்குப் போனது. நெஞ்சு கரிக்கிறது என்று ஒருநாள் சொன்னார்; ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு, இப்போது நான் இங்கிருந்து நகர்வதைத்தான் அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்றார்.

அந்த நாட்களில்தான் அவளுக்குள்ளும் சந்தேகம் நுழைந்தது. டர்போ போவதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் அவர் சீக்கிரம் வந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அவருடைய போனில் ஜாக்சனின் பெயரைப் பார்த்த ஞாபகம். இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு, லோடு போய்விடுமே என்ற பயத்தில் கடைசியில் செய்துவிட்டாரோ? செய்திருந்தால் வண்டி போயிற்று. அதைவிட, அவளிடம் மறைத்திருக்கிறார். கேபின் படியில் நின்று கேட்டுவிட்டாள். “மெய்யாச் சொல்லுங்க. ஜாக்சன்ட்ட குடுத்தீங்களா?”

அவர் கையிலிருந்த சோற்று உருண்டையை வாயில் போட்டு மென்று முடித்தார். தூக்குவாளியைக் கழுவி மூடி அவளிடம் கொடுத்தார். “அவன்ட்டயே கேளு” என்றார். “நான் சொன்னா நீ நம்பவா போற?”

அவள் திரேஸ்புரத்துக்குப் போனாள். படகு மேடையில் ஜாக்சன் கிரீஸ் கையோடு வந்தான். அண்ணாச்சி தன்னை வண்டிக்குள்ளேயே ஏற விடவில்லை என்றான். அவர் போன் பண்ணியதுகூட, கம்பெனிக்காரர்கள் விசாரிக்க வந்தால் என் பெயரை இழுக்காதே என்று எச்சரிக்கத்தானாம். கேட்க நிம்மதியாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது வேறு மாதிரி தோன்றியது: செய்திருந்தாலும் ஜாக்சன் இதையேதானே சொல்லுவான்.

அதற்கப்புறம் இரண்டே தடவைதான் சாப்பாடு கொண்டுபோனாள். அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் பொன்னுதுரையின் போன் வந்தது.

ஸ்டியரிங் பக்கம் தலை சாய்த்துப் படுத்த வாக்கில் போயிருந்தார். மாரடைப்பு என்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சிவப்பிரகாஷ் வந்து, தலைமை ஆபீஸ் பதில் வந்துவிட்டது, பெட்டியை யாரும் தொடவில்லை, டர்போ மாற்றியாகிவிட்டது என்று தலைகுனிந்து சொன்னான். அவள் அவனையே பார்த்தாள். தங்கள் இடத்தில் ஓர் உயிர் போய்விட்டதே என்று பயந்து இப்போது சொல்கிறானா? ஆனால் பதில் வந்தது இரண்டு நாளைக்கு முன்னாலேயே என்று பொன்னுதுரை சொன்னார். அண்ணாச்சியிடம் அப்போதே சொன்னார்களாம். யார் கையெழுத்துப் போட்டது என்று கேட்டாராம். வீட்டுக்குச் சொல்லுங்களேன் என்றதற்கு, வண்டி லோடோடு வல்லநாட்டு மேடு ஏறட்டும், அதற்கு முன்னால் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்றாராம்.

பதினாறு கழிந்து வண்டியை எடுக்கப் போனாள். ஓட்டுவதற்கு நயினாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டாள். வழியில் நயினார் தயங்கித் தயங்கி, இனிமேல் சம்பளத்துக்கு ஆள் வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கும், ஒரு டிரிப்பில் கட்டாது, டியூன் பண்ணிவிடலாமா மதினி என்று கேட்டார். அவர் நல்லதற்குத்தான் கேட்டார். அவருடைய வண்டி இன்றைக்கும் நன்றாகத்தான் ஓடுகிறது.

“அத பொறவு பாப்போம் அண்ணாச்சி” என்றாள். “மொதல்ல கேபினத் தூக்கச் சொல்லுங்க. புது டர்போவ நான் பாக்கணும்.”

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சிவப்பிரகாஷ் சொல்லிப் பார்த்தான். அவள் நகரவில்லை. மெக்கானிக் கேபினைச் சாய்த்துத் தூக்கி, டார்ச் அடித்துக் காட்டினான். பழைய இரும்புகளுக்கு நடுவே டர்போ மட்டும் புதிதாக இருந்தது. அதன் நட்டுகளில் சிவப்பாக என்னவோ தெரிந்தது. இது கம்பெனி அடையாளமா என்று கேட்டாள். மெக்கானிக்குக்குத் தெரியவில்லை.

பொன்னுதுரைக்குத் தெரிந்திருந்தது. கடைசி நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு கேபினைத் தூக்கி, தன்னை டார்ச் பிடிக்க வைத்து, அண்ணாச்சி நட்டுகளில் நகப்பூச்சு தொட்டு வைத்தாராம். அது காய்ந்த பிறகு யாராவது கழற்றினால் விரிசல் காட்டிக் கொடுத்துவிடும் என்றாராம். குப்பி கேபினில்தான் கிடந்தது, முத்துச்செல்வியுடையது; வீட்டிலிருந்து எப்போது எடுத்துவந்தாரோ. நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மீதியைக் காலையில் பார்த்துக்கொள்வோம் என்று இறங்கிவிட்டாராம்.

டர்போவில் நட்டு நான்கு. மூன்றில் சிவப்பு இருந்தது.